சாப்பிட்டது உடம்பில் ஒட்ட வழி கண்டவர்: டாக்டர் சுப்பாராவ்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் சொன்னார். யாரை எழுதலாம் என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என் தப்பு ஒன்றைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன்பு, வேறொரு தோட்டப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்பு எடுத்தேன். ஒரு பையன். குச்சி மாதிரி கை கால். காலை பத்து மணி ஆனால் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவான். வீட்டில் பசியாறக் கொடுக்காமல் அனுப்புகிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். அவன் தாயாரை வரவழைத்து, மற்ற ஆசிரியர்கள் இருக்கும்போதே, பிள்ளைக்கு ஒழுங்காகச் சோறு போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் அம்மா அவர். கண் கலங்கி நின்றார். அண்ணனைவிட இவன்தான் அதிகமாகச் சாப்பிடுகிறான், ஆனால் சாப்பிட்டது உடம்பிலே ஒட்டவே மாட்டேங்குது என்றார். மறுவாரம் அரசாங்கக் கிளினிக்கில் பார்த்தபோது, வயிற்றில் பூச்சி என்று தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் பையன் திடலில் ஓட ஆரம்பித்துவிட்டான். நான்தான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

உடம்பில் ஒட்டவில்லை என்பது நம் வீடுகளில் தினமும் புழங்கும் பேச்சு. ஆனால் அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்! சாப்பிடுவது வேறு, சாப்பிட்டது உடம்பில் சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தன் சொந்த அண்ணன் தம்பிகளைப் பறிகொடுத்த ஒருவர்தான் இந்த வரலாற்றின் நாயகர், டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் தெலுங்கர். 1895 ஜனவரி 12-ஆம் தேதி, அந்நாளைய சென்னை மாகாணத்தில் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. பெரிய குடும்பம், சின்ன வருமானம். அரசாங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்த தகப்பனார் நோயினால் சீக்கிரமே வேலையை விட வேண்டியதாயிற்று. தாயார் வெங்கம்மா மனஉறுதி மிக்கவர். பையனோ படிப்பில் நாட்டமில்லாமல், பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகப்போகிறேன் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். தாயார் விடவில்லை. பிடித்துக் கொண்டுவந்து திரும்பவும் பள்ளியில் உட்கார வைத்தார்.

மாணவச் செல்வங்களே, இன்றைக்கு மேடை ஏறிப் பரிசு வாங்குகிறவர்கள் கை தட்டலோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு செய்தி தெரிய வேண்டும். சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முதல் தடவை தவறினார். இரண்டாம் தடவையும் தவறினார். சென்னைக்கு வந்து, இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் தடவைதான் தேறினார். பின்பு சென்னை மாநிலக் கல்லூரி, அதற்குப் பின் சென்னை மருத்துவக் கல்லூரி. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்ற ஆசையும் நடுவில் வந்தது. தாயார் அதற்கும் சம்மதிக்கவில்லை!

அந்தக் காலத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது. சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து, எட்டே நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். இருவரையும் கொண்டுபோனது ஒரே நோய். ஆங்கில மருத்துவர்கள் அதற்கு ஸ்ப்ரூ என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் சங்கிரகணி, கிராணி என்பார்கள். (நம் தோட்டத்து ஆபீஸ் கிராணியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது!)

இந்த நோய் என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால், வாயில் வைத்த சோறு எங்கெங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவன், டாக்டர் அல்ல. ஆனாலும் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு இடத்தை வைத்து இதைச் சொல்ல முடியும்.

நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை பயிரானது. அதனால் செம்பனை மில்லைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குலை வந்து இறங்குகிறது. முதலில் நீராவியில் அவிக்கிறார்கள். பின்பு சுற்றும் பீப்பாயில் போட்டுப் பழத்தை உதிர்க்கிறார்கள். உதிர்ந்த பழம் ஒரு சூடான உயரத் தொட்டிக்குள் போகிறது. உள்ளே இரும்புக் கைகள் சுழன்று பழத்தைக் கூழாக்குகின்றன. அந்தத் தொட்டிக்கு மில்லில் என்ன பெயர் தெரியுமா? டைஜெஸ்டர்! ஜீரணம் செய்கிறது என்று பொருள். கடைசியில் அந்தக் கூழ் பிரஸ்ஸுக்குப் போய்ப் பிழியப்படுகிறது. எண்ணெய் ஒரு பக்கம், நாரும் கொட்டையும் ஒரு பக்கம்.

நம் வயிறும் கிட்டத்தட்ட இப்படித்தான். வாயில் பல் அரைக்கிறது, எச்சில் சோற்றிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. சோற்றை நன்றாக மென்றால் கொஞ்ச நேரத்தில் இனிப்பது இதனால்தான், வீட்டில் செய்து பாருங்கள். இரைப்பையில் கடும் அமிலம் சுரக்கிறது. மீன், முட்டை, பருப்பில் உள்ள புரதம் அங்கே உடையத் தொடங்குகிறது. இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிசைந்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு விடுகிறது. அங்கே கணையத்திலிருந்து ஒரு நீரும் கல்லீரலிலிருந்து பித்தநீரும் வந்து கலக்கின்றன. பித்தநீரின் வேலை எண்ணெயைச் சிறு சிறு துளிகளாகப் பிரிப்பது. எண்ணெய்க் கையைத் தண்ணீரில் மட்டும் கழுவினால் போகாது, சவர்க்காரம் போட்டால் போகும் அல்லவா? அதே தந்திரம்தான்.

ஆனால் இதுவரை நடந்த எல்லாமே டைஜெஸ்டர் வேலை. சோறு இன்னும் உடம்புக்குள் போகவில்லை! குழாய்க்குள்தான் இருக்கிறது. குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர்ந்தால்தான் அது நமக்குச் சொந்தம். அந்தச் சுவரைத் தாண்டும் வேலைதான் பிரஸ்.

பெரியவர்களுக்குச் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். உள்சுவர் வழவழப்பாக இருக்காது. துவாலைத் துண்டைத் தொட்டுப் பாருங்கள், நூல்கள் எழும்பி நிற்கும். அதுபோல ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இலட்சக்கணக்கான விரல்கள் எழும்பி நிற்கின்றன. பாடப்புத்தகத்தில் இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பார்கள். ஒவ்வொரு விரலுக்குள்ளும் மெல்லிய இரத்தக் குழாய்கள். சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் அவற்றில் புகுந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு மட்டும் நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிப் போகிறது. இந்த விரல்களும், அவற்றின் மேலுள்ள இன்னும் நுண்ணிய முடிகளும் இருப்பதால்தான் வயிற்றுக்குள் சுருட்டி வைத்த ஒரு குழாய்க்குச் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது. நம் வகுப்பறையில் ஏறக்குறையப் பாதி! பழைய புத்தகங்களில் டென்னிஸ் திடல் அளவு என்று போட்டிருக்கும். பிற்பாடு கவனமாக அளந்தவர்கள் அதைக் குறைத்துவிட்டார்கள். மாணவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

சங்கிரகணி வந்தால் இந்த விரல்கள் தேய்ந்து மொட்டையாகிவிடுகின்றன. குலை வெட்டியாயிற்று, லோரியில் ஏற்றியாயிற்று, அவித்தாயிற்று, கூழாக்கியாயிற்று. ஆனால் பிரஸ் பிழியவில்லை. எண்ணெய் நாரோடு சேர்ந்து வெளியே போகிறது. நோயாளிக்கும் அப்படியே. வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு, ஓயாத வயிற்றுப்போக்கு. நாக்கு புண்ணாகிறது. இரத்தம் சுண்டுகிறது. முன்னால் சோறு இருக்க, மனிதன் பட்டினியால் சாகிறான். அந்நாளில் இதற்கு நிச்சயமான மருந்து எவரிடமும் இல்லை.

சுப்பாராவையும் இந்த நோய் பிடித்தது. சென்னையில் ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி கொடுத்த மருந்தினால் அவர் பிழைத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தம்மைக் காப்பாற்றியது நாட்டு மருந்தாக இருந்தும், அதில் என்ன பொருள் இருந்து வேலை செய்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தக் கேள்விதான். பிழைத்த பிறகு பெரும்பாலோர் கேள்வி கேட்பதில்லை.

கல்லூரியில் இன்னொரு சங்கடம். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு அவர் கதர் உடுத்தத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சை வகுப்பிலும் கதர் அங்கிதான். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசாங்க மருத்துவ வேலையும் கிட்டாமல், ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துக்கொண்டிருந்தார். சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் என் போன்றவர்களுக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் ஆறுதல், மறைப்பானேன்!

1922-இல் மாமனாரின் உதவியோடும் ஓர் அறநிலையத்தின் உதவியோடும் கப்பல் ஏறி, அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்ப் படிப்பு. படிப்புக்கு இடம் கிடைத்ததே தவிர வயிற்றுக்கு வழியில்லை. அங்கே ஒரு மருத்துவமனையில் இரவுக் காவல் வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வைப்பது அந்த வேலை. சென்னையில் டாக்டர், பாஸ்டனில் இரவில் பாத்திரம் கழுவுகிறவர், பகலில் மாணவர். இப்படிக் கொஞ்ச நாள் இல்லை, நிறைய நாள்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று நிறத்தை வைத்து அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். அந்த முறைக்கு இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. அதே வழியில் போய், தசையில் சக்தியைச் சேமிக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளை 1927-இலும், ஏ.டி.பி. என்ற பொருளை 1929-இலும் கண்டறிந்து அறிவித்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே சமயத்தில் ஏ.டி.பி.யைக் கண்டார். நாம் தின்ற சோறு கடைசியில் போய்ச் சேர்கிற இடம் இந்த ஏ.டி.பி.தான். அரிவாள் பிடித்த கை மேலே போவதும், இதை வாசிக்கும் உங்கள் கண் இமைப்பதும் அதைச் செலவழித்துத்தான். இப்பேர்ப்பட்ட வேலை செய்தவருக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் அதைவிட்டு, நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே ஆராய்ச்சித் தலைவரும் ஆனார்.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருவோம்.

இதற்கு முன்பே பம்பாயில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர், பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் இரத்தம் சுண்டிச் சாவதைப் பார்த்தார். ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் அவர்கள் தேறுகிறார்கள் என்று 1931-இல் எழுதினார். நம் மளிகைக் கடைகளில் கறுப்பாகக் குப்பியில் விற்கும் மார்மைட் இருக்கிறதே, அதுதான் அவர் கொடுத்த ஈஸ்ட் சத்து! கல்லீரலிலும் கீரையிலும் அதே குணம் இருந்தது. உள்ளே இருக்கும் பொருள் எது என்பதுதான் பிடிபடவில்லை. 1941-இல் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

கீரையிலும் ஈரலிலும் அது இருப்பதோ அணு அளவு. அதை நம்பி ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியாது. ஆய்வுக்கூடத்திலேயே செய்தாக வேண்டும். சுப்பாராவ் தம் ஆட்களை அதில் இறக்கினார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து முடித்தது. பலர் சேர்ந்து செய்த வேலை அது. அவரும் தம் பெயரை முன்னால் போட்டுக்கொள்கிற மனிதர் அல்லர். சீக்கிரமே டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க டாக்டர் கியூபாவில் சங்கிரகணி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். நாக்குப் புண் ஆறியது, பசி எடுத்தது, இரத்தம் ஊறியது.

ஏன் அப்படி? நம் குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிதாக வளர்கிறது. இரத்த அணுக்களும் நாள்தோறும் புதிதாகப் பிறக்கின்றன. வேகமாகப் பிறக்க வேண்டிய அணுக்களுக்கெல்லாம் ஃபோலிக் அமிலம் தேவை. குடல் கெட்டால் ஃபோலிக் அமிலம் சேராது. அது சேராவிட்டால் குடல் வளராது. இந்த விஷச் சக்கரத்தை அந்த மாத்திரை உடைத்தது. நம் பெண்களுக்கு இது புதியதல்ல. கர்ப்பமானதும் கிளினிக்கில் கொடுக்கிறார்களே மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை, அதே மருந்துதான். பிள்ளை முதுகுத்தண்டில் குறையோடு பிறப்பதை அது வெகுவாகத் தடுக்கிறது என்று 1991-இல் வெளியான ஆய்வு நிரூபித்தது. கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே சாப்பிட்டால்தான் முழுப் பலன் என்பதைப் புதிதாகக் கல்யாணமானவர்கள் கவனிக்க வேண்டும். இரத்தசோகைக்கு மட்டும் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. பி12 குறைவினால் வரும் சோகையாக இருந்தால், ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சரியாக்கிக் காட்டிவிட்டு, நரம்பு கெடுவதை மறைத்துவிடும்.

வேலை அதோடு நிற்கவில்லை. அவர் குழு செய்த ஹெட்ரசான் என்ற மருந்து 1947-இல் வெளிவந்தது. இது யானைக்கால் நோய்க் கிருமியைக் கொல்வது. சதுப்பு நிலமும் கொசுவும் நிறைந்த பக்கத்தில் வாழ்ந்த நம் பாட்டன்மாருக்கு யானைக்கால் என்றால் என்ன என்று தெரியும். மலேசியாவில் அந்த நோயை ஒழிக்க வீடு வீடாகக் கொடுத்ததும் இதே மருந்துதான். ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் பொருள்களையும் அவர் குழு செய்து பாஸ்டனுக்கு அனுப்பியது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அங்கே சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்து, நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948-இல் அறிவித்தார். அதே ஆண்டில் பெஞ்சமின் டகர் என்ற முதியவர் அதே லெடர்லியில் மண்ணிலிருந்து எடுத்த ஆரியோமைசின் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகை ஆண்டிபயாட்டிக்குகளில் அது முதலாவது.

இங்கேதான் நான் இந்த வரலாற்றைத் தேர்ந்தெடுத்த காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் டாக்டர்கள் பார்த்தது என்னவென்றால், ஃபோலிக் அமிலத்தோடு டெட்ராசைக்ளினையும் சில மாதங்கள் சேர்த்துக் கொடுத்தால் சங்கிரகணி குணமாகிறது. தேய்ந்த விரல்கள் திரும்ப முளைக்கின்றன. இன்றும் வைத்தியம் அதுதான். இரண்டு மருந்தும் ஒரே மனிதர் தலைமை தாங்கிய ஒரே இடத்திலிருந்து வந்தவை. அந்த மனிதர்தான் அந்த நோய்க்கு எட்டு நாளில் இரண்டு சகோதரர்களைக் கொடுத்தவர்.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வைத்தியத்தைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டு ஒரு மாதம் ஆவதற்குள், 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். வயது 53. கப்பல் ஏறிய அந்த 1922-க்குப் பிறகு அவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. 1919-இல் அவர் மணந்த சேஷகிரி அம்மாள் இந்தியாவிலேயே இருந்துவிட்டார். உலகத்துக்கு மருந்து வந்தது என்று எழுதுகிறோம். அந்த அம்மாளுக்கு வந்தது கடிதங்கள்தான். இதையும் எழுதாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது என்று எனக்குப் படுகிறது.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு பூஞ்சைக்கு அவர் நினைவாக சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995-இல், நூற்றாண்டின்போது, இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது. அந்தத் தபால்தலையின் படத்தைப் பெரிதாக்கி நம் பள்ளி அறிவியல் மூலையில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அட்டையில் செய்த சிறுகுடலும் இருக்கிறது. உள்ளே பழைய துவாலையை ஒட்டியிருக்கிறார்கள். விழா முடிந்து தேநீருக்குப் போகும்போது பெற்றோர்கள் அந்தப் பக்கம் வந்து தொட்டுப் பாருங்கள்.